மிச்சம் வைத்த சுவரொட்டி

அம்மாவுக்கு ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்தது. கர்ப்பப்பைக் கட்டியை எடுக்க வேண்டுமானால் குறைந்தது பத்து வேண்டும், அதுவரை ஆபரேஷனுக்குத் தேதி கிடையாது என்று டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. அதோடுதான் குளத்துக்கரைப் புறம்போக்கில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து தெருமுனைக் குழாய்க்குக் குடம் தூக்கி நடந்தாள் அம்மா.

நான் காலேஜ் இரண்டாம் வருடம். பொறுப்பை உடனே கையில் எடுத்தேன். குடம் இனி எனக்கும் அப்பாவுக்கும். போனைப் பார்த்து அட்டவணை எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினேன். திங்கள் முருங்கைக்கீரை, புதன் பேரீச்சை, ஞாயிறு சுவரொட்டி. ஆட்டு மண்ணீரலைத்தான் அப்படிச் சொல்வோம். ரத்தம் ஊற அதுதான் என்பது எங்கள் தெருவின் முடிவு. ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் விடிந்ததும் கறிக்கடையில் முதல் ஆளாக நின்றேன்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அம்மாவுக்கு அதே எட்டு. அதே வாரம் காலேஜில் ரத்ததான முகாம். எனக்குப் பதின்மூன்றரை. "நல்லா சாப்புடுறியேம்மா" என்று நர்ஸ் பாராட்டினார். எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஞாயித்துக்கெழம சுவரொட்டிய யாரு சாப்புட்டா?"

"வெயில்ல மூட்ட தூக்குற மனுசனுக்கு ரெண்டு துண்டு, படிக்கிற புள்ளைக்கு ரெண்டு துண்டு" என்றாள் அம்மா.

"ஒனக்கு?"

"கொழம்பு ஊத்திக்கிட்டேன்ல. சத்தெல்லாம் கொழம்புலதான எறங்கும்."

"பேரீச்சை?"

அப்பா மெதுவாகக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குக் கிளம்பினார்.

அடுத்த ஞாயிறு அம்மாவை முதலில் உட்காரவைத்து நானே பரிமாறினேன். ஒரு துண்டைக் கடித்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். "ரெண்டு பேரும் வாயப் பாத்துக்கிட்டு இருந்தா எப்புடி எறங்கும்?"

வெளியே வந்ததும் அப்பாதான் வழி சொன்னார். "ஒங்கம்மா தனக்குன்னு எதையும் திங்க மாட்டா. வீணாப் போவுதுன்னாத் திம்பா."

அன்றிலிருந்து எங்களுக்குப் பசி குறைந்தது. சட்டியில் சுவரொட்டி அப்படியே மிஞ்சியது. "உப்பு கரிக்கிது" என்று அப்பா எழுந்துவிடுவார். அந்த வாசத்தில் எச்சிலை விழுங்கிக்கொண்டு வாசலில் போய் உட்காருவார். பேரீச்சையில் பூச்சி வைக்கப்போகிறது என்று நான் சொல்வேன். வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. அம்மா சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "நாக்கு நீண்டு போச்சு ரெண்டு பேருக்கும்" என்று திட்டித் திட்டியே எல்லாவற்றையும் தின்று தீர்த்தாள்.

இரண்டு மாதத்தில் பத்தைத் தாண்டியது.

"எப்புடிம்மா ஏத்துனீங்க?" என்றார் டாக்டரம்மா.

"நான் எங்கங்க ஏத்துனேன்? இவுக ரெண்டு பேரும் சாப்பாட்ட மிச்சம் வச்சே பழகிட்டாக. அதுக்கு ஏதாச்சும் மாத்திரை இருந்தா எழுதிக் குடுங்க."

டாக்டரம்மா எங்களைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார். மாத்திரைக்குப் பதிலாகச் சீட்டில் ஆபரேஷன் தேதியை எழுதினார் டாக்டரம்மா.