மடியில் ஒரு புதுச் சட்டி

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் மடியில் புது மண்சட்டி இருந்தது. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கழுத்து வரை பட்டன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் சட்டியை விரலால் சுண்டிக் காதுகொடுத்துக் கேட்பார். ணங் என்று வந்தால்தான் அவருக்கு மூச்சே வரும்.

பாதி மலையில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மழைக்காக ஷட்டர்களை இறக்கியிருந்தார்கள். கையில் ஒரு பைகூட இல்லை. வாயைப் பொத்திக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது முகத்துக்கு நேரே அந்தச் சட்டி.

"ஐயோ, புதுச் சட்டிங்க! வேண்டாங்க!"

"அட, கக்கறதுக்கில்லீங்க. உள்ள தண்ணி தெளிச்சிருக்கறன், நல்லா மோந்து பாருங்க."

முகத்தை உள்ளே விட்டேன். ஈர மண் வாசம். கொஞ்சம் கொஞ்சமாகக் குமட்டல் அடங்கியது. ஊர் வரும்வரை நான் தலையை வெளியே எடுக்கவே இல்லை.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ் நின்றதும் என்னிடமிருந்து சட்டியை வாங்கிச் சுண்டிப் பார்த்தார்.

"சட்டிக்கு ஒண்ணுமில்லீங்க. உங்களுக்குங்க?"

"நொம்பத் தேவலைங்க" என்றேன். சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

புதுச் சட்டியில் முதலில் கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்குவார்கள். அதற்கும் முன்னால் அதில் இறங்கியது என் மூஞ்சி. அதை மட்டும் அவர் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.