குரல் மாறிய கேப்டன்

கடற்கொள்ளையர் படத்தின் நான்காம் பாகம், தமிழ் டப்பிங்கில், சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தியேட்டரில் ஓடியது. பக்கத்து சீட்டில் ஐம்பது வயதிருக்கும் ஒருவர். வெற்றிலை போட்ட வாய், மடியில் ஹெல்மெட். கேப்டன் பேசும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். கத்திச்சண்டை வந்தால் திறந்தார்.

இடைவேளையில், "தூக்கமாங்க?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. இவரு நம்ம கேப்டன் இல்லையே!"

"அதே நடிகர்தானே?"

"மூஞ்சி அதேதாங்க. குரல் வேற ஆளு. முன்னாடி மூணு படத்துலயும் 'அட போய்யா'ன்னு இழுப்பாரு பாருங்க, எதிரியே சிரிச்சிடுவான். இவரு நியூஸ் வாசிக்கிறாரு."

அத்தோடு எனக்கும் படம் குழம்பிவிட்டது. கண்ணைத் திறந்தால் கேப்டன், மூடினால் யாரோ. கடைசிச் சண்டைக்கு ஊரே விசிலடித்தது, நான் முழித்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்தும் அவர் எழவில்லை. "ஆளு இருக்காரோ என்னமோ?" என்றார்.

"கேப்டன்தான் தப்பிச்சிட்டாரே."

"நான் அவரைக் கேக்கலீங்க, பழைய குரல்காரரைக் கேட்டேன்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்ரீரங்கம் பஸ் காவிரியைத் தாண்டும்போது மனைவி போனில் கேட்டாள்: "படம் பழைய பாகம் மாதிரி இருக்கா?"

"ஆளு இருக்காரோ என்னமோ" என்றேன்.