அம்மாவுக்குப் பார்த்த கார்

கார் வாங்குவதில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. யாருக்காக வாங்குகிறோமோ அவளுக்கு அது பிடிக்கவில்லை.

நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். அப்பா ஸ்கூட்டரில் ஆபீஸ் போய்விடுவார். அம்மா செங்கல்பட்டு கோர்ட்டில் டைப்பிஸ்ட். காலையில் அவளுடைய பஸ்ஸைப் பிடிப்பதற்காக வீடே ஓடும். சாயங்காலம் கசங்கிய புடவையோடு அதே பஸ்ஸில் திரும்பி வருவாள். அதைப் பார்க்கப் பார்க்க அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. ஸ்கூட்டரோடு சேர்த்து ஒரு காரும் வாங்கிவிடுவது, அதை அம்மாவே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போவது என்று தீர்மானித்துவிட்டார்.

அப்பாவே ஓட்டலாமே என்று யாரும் கேட்கக் கூடாது. இரண்டு பேரும் சேர்ந்துதான் டிரைவிங் கற்றுக்கொள்ளப் போனார்கள். அப்பா கிளட்சோடு சண்டை போட்டுவிட்டு அந்த வாரமே நின்றுவிட்டார். அணு உலையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடிய மனுஷர், காலால் மிதிக்கிற இந்தச் சின்ன விஷயத்தில் மட்டும் தோற்றுப்போனார். அம்மா முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கி, அதைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

காரைக் கொண்டுவந்தவர் மாமா. அம்மாவின் தம்பி, படாளத்துக்காரர், எந்தப் பொருள் எங்கே மலிவு என்று விரல் நுனியில் வைத்திருப்பவர். மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக் கார் விடுகிற ஒருவர் பழைய வண்டிகளைத் தள்ளிவிடுகிறார் என்று எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளை டீசல் கார், மஞ்சள் நம்பர் பிளேட். கதவைத் திறந்தால் தேங்காய் எண்ணெயும் ஊதுபத்தியும் சிகரெட்டும் கலந்த ஒரு வாசனை. மிதியடி விரிப்பைத் தூக்கினால் கடற்கரை மணல். முன்னால் பிள்ளையார், சிலுவை, பிறை மூன்றையும் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். எந்தச் சவாரி ஏறினாலும் மனம் கோணக் கூடாதே. சீட் இடுக்கில் கையை விட்டுத் துழாவினேன், ஒரு வெளிநாட்டுக் காசு வந்தது. அந்த நிமிஷமே கார் எங்களுடையது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் வகுப்பு முழுக்கச் சொல்லியும் ஆயிற்று.

அம்மா ஒவ்வொரு குறையாக எடுத்து வைத்தாள். ஆளுக்கு ஆள் கை மாறிய வண்டி, எவன் அதைத் தன் வண்டி மாதிரி பார்த்து ஓட்டியிருப்பான் என்றாள். மாமாவிடம் பதில் தயாராக இருந்தது.

"அக்கா, வாடகை வண்டின்னா கெட்டுப்போனதுன்னு யாரு சொன்னா? சொந்த வண்டிக்காரன் ஆயில் மாத்தறத நாள் தள்ளிக்கினே போவான். இவனுக்கு வண்டி நின்னா பொழப்பே நின்னுடும். டைமுக்கு எல்லாம் பண்ணிக்கினு இருந்துகிறான்."

கடலில் குளித்த ஈரத்தோடு யார் யாரோ உட்கார்ந்த சீட் என்றாள் அம்மா. அப்பா புது உறை போட்டுவிடலாம் என்றார். மஞ்சள் பிளேட்டோடு போனால் டாக்ஸி என்று கை காட்டுவார்கள் என்றாள். ஆர்டிஓ ஆபீஸில் எழுதிக்கொடுத்தால் வெள்ளை பிளேட்டாக மாற்றித் தருவார்கள் என்று மாமா சொன்னார். சதுரங்கப்பட்டினத்து மெக்கானிக் ஒருவர் வந்து எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சான்று கொடுத்தார். கடைசியில் அம்மா, இது ஆடி மாசம், ஆடியில் வண்டி வாங்கக் கூடாது என்றாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் நாங்கள். ஆடி என்ற சொல்லையே எங்கள் வீட்டில் தள்ளுபடி விளம்பரம் படிக்கும்போதுதான் கேட்டிருக்கிறேன்.

மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருடைய அப்பா, என் தாத்தா, காலம் முழுக்க அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர். "நம்ம வூட்டுப் பொண்ணு கோர்ட்டு வாசல்ல கார்ல போய் எறங்கணும்கா. அத நான் ஒரு தபா பாக்கணும்" என்றார். அதைக் கேட்டதும் அம்மா, திங்கட்கிழமை ஒருநாள் ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டாள்.

அன்று எனக்குப் பள்ளி விடுமுறை. அப்பாவும் லீவு போட்டார். அம்மா ஓட்ட, அப்பா பக்கத்தில், நான் பின் சீட்டில் மகாராணியாகக் கிளம்பினோம். அம்மா நன்றாகவே ஓட்டினாள். பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது அவளுடைய வழக்கமான பஸ் அப்போதுதான் புறப்பட்டது. அதன் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டாள். அதோடு சரி, முந்தவே இல்லை. பஸ் நின்றால் நின்றாள், நகர்ந்தால் நகர்ந்தாள். பஸ்ஸின் பின்பக்கக் கண்ணாடி வழியாக மூன்று நான்கு பெண்கள் எங்களைப் பார்த்துக் கை ஆட்டினார்கள். ஒரு நர்ஸ், ஒரு டீச்சர், மற்றவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஒருத்தி டிபன் டப்பாவைத் தூக்கிக் காட்டி, கொண்டுவந்தாயா என்று சைகை செய்தாள். அம்மா ஹாரன் அடித்துப் பதில் சொன்னாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ரோடு காலியாகத்தானே இருக்கிறது, முந்திப் போ என்றார் அப்பா. இருக்கட்டும் என்றாள்.

திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. அம்மாவும் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, இதோ வருகிறேன் என்று இறங்கிப் போனாள். பின்படியருகே நின்று பேசினாள். மேலிருந்து ஒரு கை அவள் தலையில் கனகாம்பரம் வைத்தது, இன்னொரு கை வாயில் எதையோ ஊட்டியது. கண்டக்டர் விசில் ஊதினார். அம்மா படியில் கால் வைத்து ஏறினாள், பஸ் போய்விட்டது.

நானும் அப்பாவும் காரில் உட்கார்ந்திருந்தோம். செல்போன் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வராத காலம். பின்னால் வந்த பஸ் டிரைவர், வண்டியை எடு நைனா என்று கத்தினார். மஞ்சள் பிளேட்டைப் பார்த்துவிட்டு, மூட்டை முடிச்சோடு ஒரு குடும்பம் கதவைத் திறந்து, செங்கல்பட்டு போகுமா என்று கேட்டது. அப்பா மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"போகும்ங்க. ஆனா டிரைவர் பஸ்ல போயிட்டாங்க."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அம்மா ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது. சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது, அப்புறம் அந்தத் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. பழக்க தோஷம், விசில் கேட்டதும் கால் தானாக ஏறிவிட்டது என்றாள். அப்பா திட்டவில்லை. கார் கிளம்பிச் சிறிது தூரம் போன பிறகு, தினமும் உனக்கு இடம் பிடித்து வைப்பார்களா என்று கேட்டார்.

"வைப்பாங்க" என்றாள் அம்மா. ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அங்க யாரும் என்னை அது எங்க, இது எங்கன்னு கேக்க மாட்டாங்க" என்றாள்.

செங்கல்பட்டு வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, கார் வந்ததும் எந்தத் தோழியை முதலில் ஏற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கோர்ட் முடிந்து மூவரும் வீடு திரும்பியதும் மாமா வந்தார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். கார் வேண்டாம், ஏற்றத்தில் புகை தள்ளுகிறது, எஞ்சின் சரியில்லை என்றார். மாமா திகைத்துப் போனார்.

"இன்னா மச்சான், மெக்கானிக்கே நல்லா கீதுன்னு சொன்னான்?"

"எனக்குப் பிடிக்கலப்பா. விடு."

மாமா காபியைக் குடிக்காமல் சாவியை எடுத்துக்கொண்டு போனார். அப்பா ஒரு கஞ்சப்பிசினாறி, அக்காவை இன்னும் பஸ்ஸில் அலையவிடுகிறார் என்று படாளம் முழுக்கச் சொன்னார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அப்பா யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. புகையும் இல்லை, ஒன்றும் இல்லை, நானும் அந்தக் காரில்தானே இருந்தேன். மாமா சாவியோடு போன அன்று இரவு ஜெபம் சொல்வது என் முறை. பொய் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று ஞாயிறு பள்ளியில் படித்திருந்ததால், அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் முழங்காலிட்டிருக்கும்போதே சத்தமாக வேண்டிக்கொண்டேன். ஆண்டவரே, எங்க அப்பா இன்னைக்கு மாமாகிட்ட பொய் சொல்லிட்டார், அவரை மன்னியும் என்றேன்.

அப்பா ஒழுங்காக ஆமென் சொன்னார். அம்மா சொல்லவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், அவள் முழங்காலிட்டபடியே அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். கார் போன துக்கம் அவளுக்கும் இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.