முப்பது சதவீத மழையும் ஒரு முழுக் குழந்தையும்

வானிலை சொல்லிப் பிழைப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. இன்றைக்குத் தப்பாகச் சொன்னாலும், நாளைக் காலை அதே நாற்காலியில் உட்கார்ந்து தைரியமாக அடுத்ததைச் சொல்லலாம். என்ன, நேற்றைய தப்பில் நனைந்தவர்கள் இன்றைக்கு போன் செய்வார்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் மூன்று வருடம் ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு சின்ன தனியார் வானிலை அலுவலகத்தில் இருந்தேன். டிவியில்தான் சும்மா சொல்கிறார்களே, இதற்கு எவன் சந்தா கட்டுவான் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கான்கிரீட் போடுகிறவர்கள், ஐஸ் விற்கிறவர்கள், குதிரை வளர்க்கிறவர்கள், பீச் பழத் தோட்டக்காரர்கள் எல்லாரும் கட்டினார்கள். டிவி அரை மாநிலத்துக்குச் சேர்த்து ஒரே மழையைச் சொல்லும். இவர்களுக்குத் தங்கள் வேலிக்குள் வருமா என்று தெரிய வேண்டும். போனை எடுத்து அதைச் சொல்வது கரூரில் பிறந்து, கோவையில் பிஸிக்ஸும் டெக்சாஸில் வானிலையியலும் படித்த அடியேனின் வேலை.

முதலாளி வால்ட். அறுபது வயதுக்காரர், விமானப்படையில் வானம் பார்த்தவர். முதல் நாளே ஒரு விதி போட்டார். பயிருக்கும் கான்கிரீட்டுக்கும் குதிரைக்கும் என்ன செய்யலாம் என்று யோசனை சொல்லலாம். மனிதர்களுக்கு மட்டும் இத்தனை சதவீதம் என்று எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் மனிதர்கள்தான் வக்கீல் வைப்பார்கள்.

நீங்களும் கவுன்டரிலோ போனிலோ உட்கார்ந்து ஜனங்களுக்குப் பதில் சொல்லிக் காலம் தள்ளியவர் என்றால் இனி நான் சொல்வதை நம்புவீர்கள்.

நூறு கொடுத்த புண்ணியவான்

ஐஸ் கம்பெனிக்காரர் ஒருவர் தினமும் காலையில் கூப்பிடுவார். உலகமே வெயிலைத் திட்டிக்கொண்டிருக்க, அவர் ஒருவர்தான் அதை மருமகனைப் போல எதிர்பார்த்துக் காத்திருப்பார். தொண்ணூற்றெட்டு டிகிரி என்றால் போனிலேயே சிரிப்பார். நூற்றொன்று என்றால் என் குடும்பத்தையெல்லாம் விசாரிப்பார்.

ஒரு ஜூலை மாதம் வளைகுடாவிலிருந்து மேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. எண்பத்தாறுக்கு மேல் போகாது, பிற்பகலில் இடி மழைக்கும் வாய்ப்பு உண்டு என்றேன். அவர் காய்கறிக் கடையில் பேரம் பேசுகிறவரின் குரலில் சொன்னார்: "மேடம், போன வாரம் அங்கே ஒருத்தர் இருந்தாரே, அவர் எனக்கு நூறு கொடுத்தார். அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

எங்கள் ஊரில் இதெல்லாம் வெயிலா

வெப்ப எச்சரிக்கை விடும்போதெல்லாம் எனக்கு உள்ளூரச் சிரிப்பு வரும். தொண்ணூற்றேழு டிகிரிக்கு எச்சரிக்கையா? கரூரில் இந்த வெயிலில் கல்யாண ஊர்வலமே போகும். முதல் வருடக் கோடையில் மதியம் இரண்டு மணிக்கு, சாண்ட்விச் வாங்கிவருகிறேன் என்று நடந்தே கிளம்பினேன். வால்ட் தடுத்துப் பார்த்தார். "நான் பார்க்காத வெயிலா?" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஹூஸ்டன் காற்றில் ஈரம் அதிகம். வேர்வை காயவே காயாது. பாதி வழியில் காது அடைத்தது, ரோட்டில் இருந்த கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. உடம்புக்கு இதெல்லாம் எப்படி ஆகிறது என்று படித்தவள் நான், அதனால் மயக்கம் வருவதற்கு முன்னால் கொஞ்சம் ஆர்வமாகவும் இருந்தது. பின்னாலேயே மெதுவாக டிரக் ஓட்டிக்கொண்டு வந்த வால்ட் கதவைத் திறந்துவிட்டு, ஏசியை என் பக்கம் திருப்பிவிட்டுச் சொன்னார்: "நீ பார்த்தது உங்க ஊர் வெயில் உஷா. எங்க ஊர் வெயிலுக்கு உன்னை இன்னும் யாருன்னே தெரியாது."

பாஸ் மார்க்

தமிழ்ச் சங்கத்தில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததுதான் தாமதம், செயலாளர் கந்தசாமி அங்கிள் கோடைப் பிக்னிக்குக்குத் தேதி கேட்டு வந்துவிட்டார். பொள்ளாச்சிக்காரர், இங்கே பெரிய இன்ஜினியர். அவர் மனசில் வைத்திருந்த சனிக்கிழமை இடி மழைக்கு முப்பது சதவீதம் வாய்ப்பு என்று சொன்னேன். முகம் மலர்ந்து போனார். பார்க்கில் கூரை போட்ட இடத்தை கேன்சல் செய்துவிட்டு, மரத்தடியில் ஜமுக்காளம் விரிக்க ஏற்பாடு செய்துவிட்டார்.

இரண்டு மணிக்குக் கொட்டியது பாருங்கள், புளியோதரை ரசமாகிவிட்டது. என் அபார்ட்மென்ட்டில் கீழ்வீட்டில் இருந்த சுமதி, தன் ஐந்து வயது ஸ்வேதாவைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு காருக்கு ஓடினாள். அந்தக் குழந்தைக்கு வீசிங் உண்டு, நனைந்தால் இழுக்கும். எனக்கு அங்கிள்மேல் கோபம் கோபமாக வந்தது. நான்தான் முப்பது என்று சொன்னேனே, ஏன் கூரையை விட்டீர்கள் என்று கேட்டேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முப்பத்தஞ்சு எடுத்தாத்தானே பாஸ்? முப்பதுல ஃபெயிலான மழை இப்படி அரியர் எழுதி வரும்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

புகை வந்த விதம்

ஒரு மே மாதம் மெக்சிகோ பக்கம் காடுகள் எரிந்தன. தென்காற்று அந்தப் புகையை அவ்வளவு தூரம் தூக்கிவந்து எங்கள் தலைமேல் இறக்கியது. காலை பத்து மணிச் சூரியன் அழுக்குப் பிடித்த செப்புத் தட்டு மாதிரி இருந்தது. மழைக்கும் புயலுக்கும் பாடம் படித்திருக்கிறேன். எங்கோ எரிகிற காட்டின் புகை நாளைக்கு எந்த வீதியில் இறங்கும் என்பதற்கு யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. நானும் வால்டும் காற்று வரைபடத்தை மேஜையில் விரித்து, பென்சிலால் கோடு இழுத்து இழுத்துப் பார்த்தோம். பயமாகவும் இருந்தது, அதைவிட அதிசயமாகவும் இருந்தது.

போன் ஓயவில்லை. பக்கத்து வீட்டுக்காரன்தான் குப்பை எரிக்கிறான் என்று சண்டைக்குப் போய்விட்டு வந்த ஒருவர், மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று என்னிடம் விசாரித்தார். சாயங்காலம் அபார்ட்மென்ட் வாசலில் சுமதி காரிலிருந்து குழந்தையை இறக்கிக்கொண்டிருந்தாள். ஸ்வேதாவுக்குப் புகை என்றால் நம்மவர்கள் புது வீடு வாங்கி ஹோமம் வளர்க்கும்போது வருவது ஒன்றுதான் தெரியும். மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, பலகாரம் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு கேட்டாள்: "அம்மா, ஹூ இஸ் டூயிங் ஹவுஸ் வார்மிங்?"

அறுபது சதவீதம்

மூன்றாம் நாளே குழந்தைக்கு இருமல் பிடித்துக்கொண்டது. புகை அதிகமாக இருக்கும் நாளில் வெளியே விடாதீர்கள், அது எந்த நாள் என்று நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள் என்றார் டாக்டர். டே கேரில் எல்லாப் பிள்ளைகளையும் விளையாட வெளியே கூட்டிப்போவார்கள், ஒரு பிள்ளையை மட்டும் உள்ளே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆகவே புகை என்றால் சுமதி லீவு போட வேண்டும். அவள் வேலை பார்த்த இடத்திலோ கான்ட்ராக்ட் ஆட்களை ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ப்ராஜெக்ட் போனால் விசாவும் ஆட்டம் காணும். கணவர் ரகு வேறொரு ப்ராஜெக்டில், நியூ ஜெர்சிப் பக்கம் பார்சிப்பனியில் இருந்தார். அதனால் குழந்தையின் மூச்சா, வேலையா என்று தினமும் சாயங்காலம் அவள் ஒருத்தியாக முடிவு செய்ய வேண்டியிருந்தது.

அவள் ஆபீஸுக்கு போன் செய்து, "அக்கா, நாளைக்குப் புகை இருக்குமா?" என்றாள். அறுபது சதவீதம் வாய்ப்பு என்றேன். "அப்ப அனுப்பட்டுமா, வேண்டாமா?" எதிரில் வால்ட் இருந்தார், விதி இருந்தது. அதைவிட, சொல்லித் தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. "அது நீதாம்மா முடிவு பண்ணணும்" என்றேன். என் காதுக்கே அது நன்றாக இல்லை. அவள் கேட்டாள்: "அறுபது சதவீதம் குழந்தைய வீட்ல வச்சுட்டு, மீதி நாப்பதை டே கேர்ல டிராப் பண்ணவாக்கா? எந்தப் பக்கம் மூக்கு இருக்கணும், அதையாவது சொல்லுங்க."

சுமதி ஃபார்ம்ஸ்

அப்போது எங்கள் அலுவலகத்தில் ஒரு சலுகை இருந்தது. புதிதாகச் சேரும் பண்ணைகளுக்கு முதல் மாதம் இலவசம். பயிர்களுக்கு யோசனை சொல்லலாம், மனிதர்களுக்குத்தான் கூடாது என்ற கதையை என்றைக்கோ காபி குடிக்கும்போது சுமதியிடம் நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவள் பால்கனியில் ஒரு தொட்டியில் முருங்கையும் இன்னொன்றில் கறிவேப்பிலையும் இருந்தன. இரண்டு நாள் கழித்து வந்த போனை வால்ட் எடுத்தார். பென்சில் கையோடு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். சுமதி ஃபார்ம்ஸ் என்று சொன்ன குரலை எனக்கு நன்றாகத் தெரியும்.

எத்தனை ஏக்கர் என்றார் வால்ட். சின்னப் பண்ணைதான் சார், ஒரு செடியை நினைத்துத்தான் கவலை, புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். செடிக்கு என்ன வயது? ஐந்து முடிந்துவிட்டது. இப்போது எப்படி இருக்கிறது? "ராத்திரியெல்லாம் இருமுது சார்" என்றாள்.

வால்ட் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, வரைபடத்தை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். முப்பது வருடமாக மனிதர்களுக்கு எண்களை மட்டுமே சொன்னவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்: "மேடம், நாளைக்கு அந்தச் செடியை வெளியே எடுக்காதீங்க. ஜன்னலைச் சாத்தி ஏசி போடுங்க. நீங்களும் அது கூடவே இருங்க."

நீல வானம்

மறுநாள் காலை வானம் கழுவிவிட்டது போல நீலமாக இருந்தது. இன்னும் ஒரு நாள் கழித்து வர வேண்டிய வடக்குக் காற்று அவசரப்பட்டு வந்து, புகையை ஒட்டுமொத்தமாகக் கடலுக்குத் தள்ளிவிட்டது. ஊரே சந்தோஷமாக இருந்தது. வால்ட் மட்டும் காபிக் கோப்பையோடு வாசற்படியில் நின்று வானத்தை வாய்விட்டுத் திட்டினார். சுமதி லீவு சொல்லிவிட்டிருந்தாள். மேனேஜர் ஒரு மாதிரியான குரலில் "ஓகே" என்றாராம். அந்த ஓகேக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் எனக்கும் வேலை ஓடவில்லை.

வால்டே அவளுக்கு போன் செய்து, கணிப்பு தவறிவிட்டது, என்னால் உங்களுக்கு ஒரு நாள் வீண், மன்னிக்க வேண்டும் என்றார். தன் கணிப்புக்காக அவர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சாயங்காலம் நான் சுமதி வீட்டுக்குத் திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். ஸ்வேதா சோபாமேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். சுமதி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். வேலை என்ன ஆகும் என்று அன்றைக்கு இருவருக்குமே தெரியாது. (மேனேஜர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் மறந்துபோனார். வேலை தப்பியது.)

அநியாயமாக ஒரு லீவு போய்விட்டதே என்று நான் ஆரம்பித்தேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். கோபமே இல்லாத அந்த முகத்தைப் பார்க்கத்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. "டாக்டர் 'அப் டு யூ'ங்கறாரு. இவரு பார்சிப்பனிலேர்ந்து 'நீயே டிசைட் பண்ணு'ங்கறாரு. நீங்க பர்சன்டேஜ் சொல்றீங்க. அந்த மனுஷன் ஒருத்தர்தான்க்கா வெளிய எடுக்காதேன்னாரு. தப்பாப் போனா என்ன, பாதித் தப்பு அவரோடது ஆயிடுச்சில்ல? நேத்து நான் தூங்கினேன்க்கா."

மூன்று வருடத்தில் எனக்கு வந்த அத்தனை போன்களிலும் ஒருவர்கூட வானத்தைப் பற்றிக் கேட்கவில்லை, தங்களைப் பற்றித்தான் கேட்டார்கள் என்பதுதான், இந்தத் தொழிலில் நான் செய்த கணிப்புகளிலேயே இதுவரை பொய்க்காத ஒன்று.