மூன்று, இரண்டு, அப்புறம் ஒன்றுமில்லை

கருவியின் மின்னணுப் போர்டுக்கு மின்சாரம் கொடுத்ததும் முதலில் விழித்துக்கொள்வது பூட்லோடர் என்ற சின்ன நிரல். மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிவிட்டு அது கருவியை ஓட்டும் கெர்னல் என்ற பெரிய நிரலை எழுப்பும். நடுவில் யாராவது போர்டோடு இணைத்த கணினியில் ஒரு விசையைத் தட்டினால் எண்ணுவதை நிறுத்திவிடும். திண்டிவனத்தில் பால் சங்கங்களுக்கு எடைக்கருவி செய்துகொண்டிருந்தபோது, எங்கள் சோதனைப் போர்டு யாரும் எதையும் தட்டாமலே இரண்டில் நின்றது.

அதுவும் ஒழுங்காக நிற்காது. காலையில் பத்துக்கு ஏழு தடவை நிற்கும். வெயில் ஏறினால் ஓடும், மழை பிடித்தால் மறுபடி நிற்கும். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

என்னோடு வேலை பார்த்த பெண் விக்கிரவாண்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள். மூன்று மாதம் பாடுபட்டுப் புது பூட்லோடரையும் புது கெர்னலையும் தயார் செய்து, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அந்தப் போர்டில் ஏற்றியிருந்தாள். பூஜை முடிந்து வந்தால் இந்தக் கூத்து. பழைய வெர்ஷன் போர்டுகளோ பெட்டிக்குள் சமர்த்தாக ஓடின. வேறென்ன காரணம் இருக்க முடியும்? முதலாளிக்குப் போன் போட்டு, “புதுசு வேலைக்கு ஆவாதுங்க, பழசையே அனுப்பிடலாம்” என்று அவள் எதிரிலேயே சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் என்னைக் கேட்காமலே அதே போர்டில் பழைய வெர்ஷனை ஏற்றினாள். அதுவும் இரண்டில் நின்றது.

“இப்ப இன்னா சார் சொல்றீங்க? பழசும் நின்னுக்கினுதான இருக்குது?”

போர்டை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். கணினியில் தட்டும் விசை போர்டுக்கு வந்து சேரும் பின்களின் அடியில் மஞ்சளும் சிவப்புமாய் ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

“சந்தனம் சார். மேல குங்குமம். ஈரம் பட்டா இதுல கரண்ட் கசிஞ்சி, இதுவே விசைய தட்டிக்கினு கீது.”

ஆயுத பூஜையில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவன் நான். மற்ற போர்டுகளுக்குப் பெட்டி மேல் வைத்தேன். இது ஒன்றுதான் பெட்டியில்லாமல் மேஜையில் கிடந்தது. குறை வைக்கக் கூடாதென்று தாராளமாகவே அப்பியிருந்தேன். மாதா கோயிலுக்குப் போகிற அந்தப் பெண் பூஜைப் பக்கமே வரவில்லை.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புது வெர்ஷனை மறுபடி ஏற்றினாள். இருபது தடவை போட்டோம், இருபது தடவையும் ஓடியது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “நாளைக்கு மொதலாளிகிட்ட சொல்லிக்கலாம்மா” என்று மழுப்பினேன்.

அவள் என் போனை எடுத்து நீட்டினாள்.

“நேத்து நான் எதிர்ல இருக்கும்போதுதான பேசினீங்க? இப்பவும் நான் இருக்க சொல்லவே பேசுங்க சார்.”