சக்களத்தியின் கயிறு

கடற்படையில் நான் பெரும்பாலும் வேலை பார்த்த போர்க்கப்பலைச் செய்தித்தாள்கள் நாசகாரிக் கப்பல் என்று எழுதும். புதூர்ப் பக்கத்தில் எங்கள் கிராமத்திலிருந்த என் மனைவி அதற்கு வைத்த பெயர் சக்களத்தி. கோபத்தில் வைத்ததுதான். மகள் பிறந்தபோது நான் ஏடன் வளைகுடாவில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போயிருந்தேன். மாமனார் இறந்தபோது ஏவுகணைப் பயிற்சி.

கப்பலில் என் வேலை, கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்வது. புயல் அடித்த ஒரு தீவுக்குத் தண்ணீர் கொண்டுபோனதை ஃபோனில் பெருமையாகச் சொன்னேன்.

"ஊருக்கெல்லாம் தண்ணி ஊத்துதீங்க. நான் இங்கன லாரி வராம வெறுங்குடத்தோட நிக்கேன்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

நான் ஓய்வுபெற்று, ஆடுகளும் மானாவாரி உளுந்துமாக இருக்கையில், கப்பலுக்கும் ஓய்வு என்று தகவல் வந்தது. பழைய ஆட்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார்கள். அவள் மனதில் அது எதிரியாகவே இருந்து போய்விடக் கூடாதே என்று எனக்குத் தவிப்பு. "அவ போறதுக்கு நான் எதுக்கு வரணும்?" என்று முறுக்கிக்கொண்டு திரிந்தவள், கடைசியில் பெட்டியை எடுத்தாள்.

விசாகப்பட்டினத்தில் கப்பலேறியதும் என் எந்திரத்தைக் காட்டினேன். "இதுதானா?" என்றாள், அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. அந்தி சாயும்போது கொடியைக் கடைசியாக இறக்கினார்கள். கரைக்கு வந்ததும் கேட்டாள்.

"இனி இத என்ன செய்வாக?"

"உடைக்கதுக்கு வித்திருவாக."

"அப்ப கயிறு?"

எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டோம். வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். பழைய கயிறும் போனால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடும். நான் தடுப்பதற்குள், கப்பலைக் கட்டியிருந்த வடத்தைக் காட்டி ஓர் இளம் அதிகாரியிடம் சைகையில் கேட்டுவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. காரணத்தை இந்தியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு முழம் வெட்டிக் கொடுக்கச் சொன்னார்.

ஊருக்கு வந்ததும் தொழுவில், விற்ற காளைகளின் கயிறுகள் தொங்கும் ஆணியில் அதையும் மாட்டினாள்.

"சக்களத்தின்னாலும் நம்ம வீட்டுக்கு உழைச்சவதான."

கொடி இறங்கியபோது அடக்கிவைத்த அழுகை எனக்கு அங்கே வந்துவிட்டது. சற்று நேரம் என்னை அழவிட்டு, குடத்தைக் கையில் திணித்தாள்.

"அழுதது போதும். குழாயில தண்ணி வருது, பிடிங்க."