தராசில் ஏறிய எஸ்.எம்.பி.எஸ்

கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர்கள் கிராபிக்ஸ் கார்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். அதற்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ் பற்றிப் பேச்செடுத்தால் டீ குடிக்கப் போய்விடுவார்கள். தூத்துக்குடியில் கடை வைத்து, இந்தப் பெட்டிக்காகப் பல வருஷம் வாதாடியவன் நான். கவுண்டருக்குப் பின்னால் நின்று தொண்டை வறண்டவர்களுக்கு மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் சொன்ன ஒரு வார்த்தை

மில்லர்புரம் தங்கராஜ் அண்ணாச்சி கருப்பட்டி வியாபாரி. மகள் ஜெசி அனிமேஷன் படித்தவள். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை ஒன்று கூடிவந்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் இரண்டு நிமிஷ மாதிரிப் படம் அனுப்ப வேண்டும், பிடித்தால் வேலை. புது கார்டு வாங்கியாயிற்று. அதைத் தாங்கும் எஸ்.எம்.பி.எஸ் கேட்டு அண்ணாச்சி புதன்கிழமை வந்தார்.

பன்னிரண்டு வோல்ட் லைனில் எத்தனை ஆம்பியர் என்று லேபிளில் பார்க்க வேண்டும் என்றேன். அண்ணாச்சி முகம் சுருங்கியது. எளிதாகச் சொல்வோமே என்று, "நல்ல சரக்கு கொஞ்சம் கனமா இருக்கும் அண்ணாச்சி" என்றேன். அதுதான் தப்பு. பையிலிருந்து கொக்கித் தராசை எடுத்து என் பெட்டியை மாட்டி எடை பார்த்தார், கிளம்பிவிட்டார். மறுநாள் போன் வந்தது: "தம்பி, நாலு கடையில நிறுத்துப் பாத்துட்டேன். உங்களுதைவிட முந்நூறு கிராம் கூடவே கிடைச்சிட்டு!"

எல்லோருக்கும் லீவு

வெள்ளிக்கிழமை காலை ஜெசி கூப்பிட்டாள். படத்தில் ஒருவர் முத்துக்குளிக்கக் கடலில் இறங்குகிறார். அந்தத் தண்ணீர்க் காட்சி வந்ததும், ஆள் மேலே வருவதற்குள் சிஸ்டம் அணைந்துவிடுகிறதாம்.

போய்ப் பார்த்தால் வீட்டுக்குள் ஒரே புழுக்கம். கார்டுக்குக் கரண்ட் பற்றவில்லை என்று ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றையும் அண்ணாச்சி நிறுத்தியிருந்தார். மிக்ஸியில் தேங்காய் பாதி அரைந்து கிடந்தது. அவரோ ஓலை விசிறியால் கம்ப்யூட்டருக்கு வீசிக்கொண்டிருந்தார். அடுக்களை வாசலில் நின்ற அவர் மனைவி சொன்னார்: "ஏளா ஜெசி, உனக்கு வேலை கிடைக்கதுக்கு முன்னாலயே வீட்டுல எல்லாருக்கும் லீவு விட்டுட்டாவ உங்கப்பா!"

முந்நூறு கிராம்

அந்தப் பெட்டியின் முகப்பில் பெரிதாக ஐநூறு வாட்ஸ். ஓரத்தில் பொடி எழுத்தில் பன்னிரண்டு வோல்ட், பதினெட்டு ஆம்பியர். பெருக்கினால் இருநூற்றுப் பதினாறு வாட்ஸ்தான். கார்டு மட்டுமே இருநூறு கேட்கும், மீதிப் பதினாறில் மற்றதெல்லாம் ஓட வேண்டும். கார்டில் சொருகும் எட்டு முனை ஒயரும் கிடையாது. வேறு ஒயரை ஒட்டுப் போட்டு மாட்டியிருந்தார்கள்.

அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு, கடைக்குக் கொண்டுவந்து பிரித்தேன். நீங்கள் பிரிக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் நிற்கும். கனம் தர வேண்டிய செம்புக் கம்பிக் காயில்கள் சுண்டைக்காய் அளவில் இருந்தன. அடியில் பசை போட்டு ஒட்டிய இரும்புத் துண்டு ஒன்று. அண்ணாச்சி அதைப் பெயர்த்துப் பையில் போட்டுத் தராசில் மாட்டினார். முந்நூறு கிராம். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்: "நான் கருப்பட்டியில சீனி கலக்காம விக்கேன். எனக்கு இரும்பு கலந்து குடுத்திருக்கான், பாத்தியளா!"

ஆள் மேலே வந்தது

அன்றே அறுநூற்று ஐம்பது வாட்ஸ் பெட்டி ஒன்றை, அதன் சொந்த ஒயரோடு மாட்டினேன். சனிக்கிழமை மதியம் படம் முடியும் நேரம் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இந்தத் தடவை ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார், மிக்ஸி அத்தனையும் ஓடின, அண்ணாச்சியின் உத்தரவு. திரையில் ஆள் மூழ்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சிப்பியோடு தலை வெளியே வந்தது. திரையில் அவருக்குப் பின்னால் துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் நுழைந்தது. அண்ணாச்சி கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்: "ஏளா, ஆளு மேல வந்துட்டாம்லா!"

சாத்தான்குளத்திலிருந்து

ஜெசிக்கு வேலை கிடைத்தது. எனக்கு ஒரு பெட்டி கருப்பட்டி வந்தது. கூடவே, அண்ணாச்சியின் சொந்தக்காரர்களும் சாத்தான்குளத்திலிருந்து ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர். சீல் உடைந்தால் வாரண்டி போய்விடும் என்று கெஞ்சினேன். அவர் அசையவில்லை: "தங்கராஜ் அண்ணாச்சி சொல்லிட்டாவ, பிரிச்சுக் காட்டினாத்தான் வாங்கணுமாம்!"

கனத்தைச் சொல்லி ஒருவரைக் கெடுத்த நான், பெட்டியைப் பிரித்துக் காட்டி ஓர் ஊரையே கெடுத்து வைத்திருக்கிறேன். லேபிளை மட்டும் இன்றுவரை யாரும் படிக்கவில்லை.